காற்புள்ளி எல்லாம் ‘இ’ ஆன கதை

எங்கள் சனசமூக நிலையத்தின் பழைய மலர் ஒன்றை இணையத்தில் ஏற்ற எடுத்தேன். முழுவதும் பாமினியில் அடித்தது; ஆங்கில விசைக் குறிகளைத் தமிழ் எழுத்தாகக் காட்டும் பழைய எழுத்துரு அது. யூனிகோடுக்கு மாற்றப் பைதன் நிரல்மொழியில் அட்டவணை ஒன்று எழுதி, ஒவ்வொரு விதியாக ரிப்ளேஸ் (ஒன்றைத் தேடி மற்றொன்றாக மாற்றும் கட்டளை) கொடுத்தேன். “நல்லூர்இ கோண்டாவில்இ இணுவில்” என்று வந்து நின்றது. இப்படி ‘இ’ ஒட்டிய கட்டுரைகளை நம் நாட்டுத் தளங்களில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். தட்டச்சுப் பிழை என்றே நினைத்திருந்தேன்.

பாமினியில் காற்புள்ளி விசையைத் தட்டினால் ‘இ’ விழும். காற்புள்ளி வேண்டுமானால் அதே விசையை ஷிஃப்டுடன் தட்ட வேண்டும். கோப்பில் அது ‘பெரிது’ என்ற கணிதக் குறியாகப் பதியும். என் அட்டவணை அந்தக் குறியை முதலில் காற்புள்ளியாக்கியது. சில வரி கழித்து, காற்புள்ளியை ‘இ’ ஆக்கும் விதி. எது மூலத்தில் இருந்தது, எது நான் இப்போதுதான் போட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? அத்தனையையும் மாற்றிவிட்டது. அடுத்தடுத்து எழுதும் ரிப்ளேஸ் ஒவ்வொன்றும் முந்தியது விட்ட இடத்திலிருந்துதான் ஓடுகிறது.

இரண்டு விதிகளையும் இடம் மாற்றினேன், சரி. அப்புறம் கொம்பு. ‘கோ’ பாமினியில் மூன்று விசை: இரட்டைக் கொம்பு, க, அரவு (‘ா’ குறி). தனி எழுத்து விதிகள் மேலே இருந்ததால் மூன்றும் தனித்தனியே மாறி, ‘கோயில்’ புள்ளி வட்டத்தோடு வந்தது.

கடைசியில் விசைத்தொடர்களை நீளமானது முதலில் வர அடுக்கி, ஒரே ரெகெக்ஸாக்கி (பல தொடர்களை ஒன்றாகத் தேடும் வடிவம்), மூலத்தை ஒரே நடையில் மாற்றினேன். பைதன் ரெகெக்ஸ் நீளமானதைத் தேடிப் போகாது, வரிசையில் முதலில் பொருந்துவதையே எடுக்கும். அதனால் அடுக்காமல் விடக் கூடாது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்:

அண்ணா, எனக்குத் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்ததுதான் வினை. ‘கெ’க்கு விதி வைத்தேன், ‘கொ’வுக்கு வைக்கவில்லை; அரவு தனியே மாறியது. ‘கொக்குவில்’ அழகாக நின்றது, தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. ‘கொ’ இரண்டு குறியீட்டுக்குப் பதில் மூன்றாக இருந்தது. பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவமான என்எஃப்சிக்கு நார்மலைஸ் செய்ததும் தேடலில் வந்தது. ‘கௌரி’ மட்டும் மசியவில்லை. அங்கே ஔகாரக் குறியின் இடத்தில் ‘ள’ எழுத்தே இருந்தது, அதை என்எஃப்சி தொடாது. மொத்தமாக மாற்றப் போனால் ‘கெளிறு’ மீனும் கெட்டுவிடும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினேன்.

சாவகச்சேரியிலிருந்து இன்னொரு வாசகர்:

பிஎச்பி நிரல்மொழியிலும் இதே கதை. டியூசன் நேர அட்டவணையில் காலையை மாலையாகவும் மாலையைக் காலையாகவும் மாற்ற, ஸ்ட்ரிங் ரிப்ளேஸுக்கு இரண்டு பட்டியல் கொடுத்தேன். எல்லா வகுப்பும் காலைக்கு வந்துவிட்டது! அது பட்டியலை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு சோடியாக ஓட்டும். எஸ்டிஆர்டிஆர் என்ற ஃபங்ஷனுக்கு அதே சோடிகளை ஒரே அரேயாகக் கொடுத்தேன். நீளமானதை முதலில் பார்க்கும், ஒருமுறை மாற்றியதை மறுபடி தொடாது. ஒரே வரியில் முடிந்தது.