இட்லிப்பூச் செடியில் கொழுந்து மட்டும் மஞ்சளாகிறது, உரமிட்டும் தேறவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தொட்டியில் நான்கு ஆண்டுகளாக வளர்த்துவரும் சிவப்பு இட்லிப்பூச் செடியைப் பற்றி உங்கள் ஆலோசனையை வேண்டுகிறேன். கடந்த ஐந்து மாதங்களாக இது விடும் கொழுந்துகள் எல்லாம் எலுமிச்சை நிறத்திலேயே வெளிவருகின்றன. உற்றுப் பார்த்தால் நரம்புகள் மட்டும் வரைந்து வைத்தாற்போலப் பச்சையாகவும், நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிறியும் இருக்கிறது. கடைசியாக வந்த இரண்டு இணை இலைகளில் நரம்பும் வெளுத்து, ஓரம் பழுப்பாகத் தீய்ந்துவிட்டது. வியப்பு என்னவென்றால், அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் இன்றும் கரும்பச்சையாகவே இருக்கின்றன. உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்குக் கொத்தாகப் பூத்த செடி, இப்போது கொத்துக்கு ஏழெட்டுப் பூக்களோடு நின்றுவிடுகிறது.

நாள்தோறும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் வெயில் படுகிறது. இலைகளின் அடிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன்; மாவுப்பூச்சியோ செஞ்சிலந்தியோ தென்படவில்லை. சத்துக் குறைவுதான் என்று எண்ணி, இந்த ஐந்து மாதத்தில் மூன்று முறை உரமிட்டும் நிலைமை மாறவில்லை. நான் எதைத் தவறவிட்டிருக்கிறேன்?

மறுமொழி 1

நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளாவது மக்னீசியக் குறைபாட்டின் அடையாளம். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றிப் பாருங்கள். என்னுடைய ரோஜாச் செடிகள் அவ்வாறுதான் தேறின.

மறுமொழி 2

முதலில் மறுமொழி தந்த நண்பர் சொல்லும் அடையாளம் சரியானதே. ஆனால் அது செடியின் எந்தப் பகுதியில் தோன்றுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மக்னீசியமும் தழைச்சத்தும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. அவை குறையும்போது செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். ஆகையால் அடியிலைகள்தான் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது. முதிர்ந்த இலைக்குள் போன இரும்பு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுவதால், வேர் புதிதாக இரும்பை எடுக்கத் தவறினால் அதன் விளைவு கொழுந்தில்தான் தெரியும். நீங்கள் விவரிப்பது ஏறத்தாழ பாடநூல் படத்தைப் போன்ற இரும்புக் குறைபாடு.

மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. காற்றோட்டமுள்ள மண்ணில் பிஹெச் அளவு (அமில-கார நிலையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழ் அமிலம், மேல் காரம்) ஒரு புள்ளி ஏறினால், இரும்பின் கரைதிறன் ஏறத்தாழ 1000 மடங்கு குறைந்துவிடுகிறது. வெட்சி, அதாவது உங்கள் இட்லிப்பூ, அமிலத்தன்மையை விரும்பும் செடி. பிஹெச் 5 முதல் 6 வரை இருக்கும் மண்ணில் செழிக்கும், 7-ஐத் தாண்டினால் தடுமாறும். அதனால் சில கேள்விகள்: மூன்று முறை இட்ட உரம் எது? எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள்? தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஏதேனும் படிந்திருக்கிறதா? தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, அதில் நீர் தேங்க விடுகிறீர்களா? வேர் மூச்சு முட்டினாலும் இதே அறிகுறி வரும்.

கேட்டவர்

விரிவான விளக்கத்துக்கு நன்றி. தட்டு இல்லை, நீர் உடனே வடிந்துவிடுகிறது. ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீர்; அதைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெண்படிவம் தடிமனாகப் படியும். தொட்டியின் உள்விளிம்பிலும் சுண்ணாம்பு பூசியது போன்ற வளையம் ஒன்று இருக்கிறது. உரத்தைப் பற்றிச் சொல்வதற்குத்தான் தயக்கமாக உள்ளது: மூன்று முறையும் மண்புழு உரத்தோடு முட்டை ஓட்டுத் தூளையும் விறகுச் சாம்பலையும் கைப்பிடி கைப்பிடியாகக் கலந்து இட்டேன்.

மறுமொழி 2

தயங்க வேண்டாம், பூச்செடிக்கு நல்லது என்று பலரும் சொல்லும் பொருள்கள்தாம் அவை. ஆனால் முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சாம்பலும் காரம். சுண்ணாம்பு மிகுந்த நீரோடு இவையும் சேர்ந்ததால், செடிக்குச் சத்து கொடுப்பதாக எண்ணி இருந்த இரும்பையும் பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஒரு தேக்கரண்டி உலர்ந்த தொட்டி மண்ணில் சிறிது வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருப்பது உறுதி.

நோயை உறுதிசெய்ய இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு லிட்டர் நீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தையும், பிறகு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட்டையும், அதாவது நம் அன்னபேதியைக் கரையுங்கள். இயன்றால் மழைநீரைப் பயன்படுத்துங்கள். கரைசல் இளம்பச்சையாக இருக்க வேண்டும்; பழுப்பாக மாறிவிட்டால் பயன் இல்லை, புதிதாகத் தயாரியுங்கள். ஒரு மஞ்சள் இலையின் பாதியில் மட்டும் மாலை வேளையில் தூரிகையால் தடவி வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அந்தப் பாதி மட்டும் பச்சை பிடித்தால் ஐயமே இல்லை. இலை தீயவில்லை என்பதைப் பார்த்த பிறகு, செடி முழுவதும் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிக்கலாம்.

இது முதலுதவி மட்டுமே. மண்ணை மாற்றாவிட்டால் அடுத்த கொழுந்து மறுபடியும் மஞ்சளாகத்தான் வரும். செடியை வெளியே எடுத்து, வேர்ப்பந்தின் வெளிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணை மெதுவாக உதிர்த்துவிட்டு, உப்பு நீங்கக் கழுவிய தென்னை நார்க்கழிவு, மட்கிய இலை, சிறிது ஆற்று மணல் ஆகியவற்றைக் கலந்து நடுங்கள். சேமித்த மழைநீர் கிடைக்கும் நாளெல்லாம் அதையே ஊற்றுங்கள். மண்ணுக்கு இரும்புக் கீலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் சேர்மம்) வாங்குவதானால் உறையில் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று இருக்கிறதா என்று பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) வகை, பிஹெச் 6.5-ஐத் தாண்டிய மண்ணில் நிலைத்து நிற்பதில்லை.

மறுமொழி 3

துருப்பிடித்த ஆணிகளை மண்ணில் புதைத்தால் போதும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது உண்மையா?

மறுமொழி 2

துரு என்பது கரையாத நிலையில் உள்ள இரும்பு. சுண்ணாம்பு மண்ணில் அது துருவாகவே கிடக்கும். மண்ணைக் கிளறும்போது கையைக் குத்துவதைத் தவிர வேறு வேலை செய்யாது.

கேட்டவர் (ஏழு வாரம் கழித்து)

வினிகர் விட்டதும் மண் சோடாவைப் போலப் பொங்கியது. இலையில் தடவிய இடம் ஒன்பதாம் நாள் பச்சையாகத் தெரிந்தது. தூரிகை படாமல் விட்டுப்போன ஒரு கீற்று இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. மண்ணை மாற்றியபின் செடி ஒரு வாரம் வாடி நின்றது. அதன் பிறகு வந்த முதல் இணை இலைகள் சற்று வெளிறியும், அடுத்த இணை முழுப் பச்சையாகவும் வந்துள்ளன. ஓரம் தீய்ந்த இலைகள் மட்டும் மீளவில்லை. ஒரு சிக்கல்: தெளித்தபோது சிந்திய கரைசல் சிமெண்ட் தரையில் துருக்கறையாகப் படிந்துவிட்டது.

மறுமொழி 2

மகிழ்ச்சி. தீய்ந்த பகுதி இனி பச்சையாகாது. புதிய இலைகள் பெருகிய பின் அவற்றைக் கிள்ளிவிடலாம். கறையின்மேல் சிட்ரிக் அமிலக் கரைசலை விட்டு, ஓரிரு நிமிடத்தில் தேய்த்துக் கழுவுங்கள். நெடுநேரம் ஊறவிட வேண்டாம். சிமெண்டிலும் சுண்ணாம்பு இருப்பதால் தரை அரித்துவிடும். அடுத்த முறை தெளிக்கும்போது அடியில் ஒரு பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.