முன்தகைப்பு பால உத்திரங்களுக்குத் தானாகச் செறியும் கொங்கிறீற்று பொருந்துமா?

கேள்வி (திருகோணமலை):
வணக்கம். கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று படும் இடத்துக்கான முன்தகைப்பு உத்திரங்களை (உருக்கு வடங்களை இழுத்து இறுக்கி, கொங்கிறீற்றை முன்கூட்டியே அழுத்தத்தில் வைக்கும் பால விட்டங்களை) வார்க்கவிருக்கிறோம். அடிப்பகுதியில் கம்பிவடங்கள் நெருக்கமாக இருப்பதால், கொங்கிறீற்றைச் செறிய வைக்கும் அதிர்வூட்டி எட்டாத இடங்களில் வெற்றிடங்கள் விழுந்து, அவற்றின் வழியே உப்பிலுள்ள குளோரைட்டு உருக்கை அடைந்து அரித்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அதிர்வூட்டாமலே தன் எடையால் பரவி நிரம்பும், தானாகச் செறியும் கலவை இதற்குத் தகுந்ததா?

பதில் 1:
தகுந்ததுதான், தம்பி. தேர்ந்த தொழிலாளர் குறைந்துவந்த 1980களில், கட்டமைப்புகள் நீண்டகாலம் உழைக்கவேண்டும் என்பதற்காகவே யப்பானியப் பொறியியலாளர்கள் இதை உருவாக்கினார்கள். ஆனால் இதில் சீமெந்துப் பசை கூடுதலாகவும் பருங்கல் குறைவாகவும் இருப்பதால், மீள்தன்மைக் குணகம் (சுமைக்கு வளையாமல் நிற்கும் விறைப்பின் அளவு) குறைந்து, சுருக்கமும் நாட்பட்ட நகர்வும் (நிலைத்த சுமையின் கீழ் மெல்ல மெல்ல உருமாறுதல்) கூடக்கூடும். இம்மூன்றும் முன்தகைப்பு இழப்பையும் (வடங்களின் இழுவை காலப்போக்கில் தளர்வது) உத்திரத்தின் மேல்வளைவையும் (நடுப்பகுதி மேல்நோக்கி வளைவது) நேரடியாகத் தொடுவன. ஆகவே சாதாரணக் கலவைக்குரிய பெறுமானங்களை அப்படியே எடுத்தாளாமல், உங்கள் கலவையிலேயே மாதிரிகள் வார்த்து அளந்து பாருங்கள்.

பதில் 2:
பரவல் சோதனையில் (கூம்பிலிருந்து விடப்பட்ட கலவை பரவும் வட்டத்தின் விட்டத்தை அளப்பது) 650 முதல் 750 மில்லிமீற்றர் வரை கிடைத்தாலும், விளிம்பில் நீர்வளையம் தெரிந்தால் அந்தக் கலவையை ஏற்காதீர்கள்; பருங்கல் பிரியத் தொடங்கிவிட்டது. இந்தக் கலவை இறுகும்வரை திரவம்போல் அழுத்துவதால், அச்சுப்பலகையை முழுத் திரவ அழுத்தத்துக்கு வடிவமைப்பதும் அவசியம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. நண்பகல் வெயிலில் வார்க்கலாமா?

பதில் 2:
வேண்டாம். வெப்பத்தில் ஓடுதன்மை விரைவாகக் குறையும். விடியற்காலையில் தொடங்கி, இடைநிறுத்தாமல் வார்த்து முடியுங்கள்.