நோட்டர் டேமில் கேமராவோடு அலைந்தவர்கள்: உங்கள் கதையைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை ஐம்பது எம்எம்:

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரை ஒட்டி இருக்கும் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷம் வேதியியல் ஆராய்ச்சி செய்தேன். ஆய்வகம் போக மிச்ச நேரமெல்லாம் கேமராவும் கையுமாகத்தான் திரிந்தேன். நம்மில் இன்னும் சிலர் அங்கே படம் எடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும். நான் ஆரம்பிக்கிறேன், அப்புறம் நீங்கள் வாருங்கள்.

முதல் வாரம் எல்லோரும் எடுப்பதையே நானும் எடுத்தேன்: தங்கக் குவிமாடம். பிரெஞ்சுக்காரரான எட்வர்ட் சோரின் என்ற பாதிரியார் 1842-ல் தொடங்கிய இடம் இது. 1879 ஏப்ரலில் பிரதானக் கட்டடம் எரிந்து சாம்பலானது. அந்த செப்டம்பருக்குள்ளேயே வகுப்பு நடத்துகிற அளவுக்குத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். குவிமாடமும் அதன் உச்சியில் நிற்கும் 19 அடி மாதா சுரூபமும் பின்னால் வந்தவை. மேலே இருப்பது நிஜத் தங்கம், வெயிலில் கண்ணைப் பறிக்கும். கேமரா போக்கில் விட்டால் செங்கல் சரியாக விழும், மாதா முகம் வெளுத்துப் போகும். வெளிச்ச அளவை ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுத்துவிட்டு, செங்கலை அப்புறம் கணினியில் தூக்கிக்கொள்ள வேண்டும். சரி, அந்தப் படம் ஏற்கெனவே எல்லாக் காலண்டரிலும் இருக்கிறது.

அந்தக் கட்டடத்தின் முன்படியில் மாணவர்கள் ஏற மாட்டார்கள். பட்டம் வாங்கும் முன் ஏறினால் பட்டம் கிடைக்காதாம். சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஊர் பார்க்க வந்தவர்கள் ஏறி இறங்கினார்கள். முதுகில் புத்தகப்பை மாட்டியவர் ஒருவர்கூட ஏறவில்லை, சுற்றிக்கொண்டு கீழ்வாசலுக்குப் போனார்கள். அறிவியல் படிக்கிற நானும் ஏறவில்லை. எதற்கு வம்பு?

நான் சொல்ல வந்தது வளாகத்துக் கெபியைப் பற்றி, அதாவது மாதாவுக்கான குகைக் கோவில். லூர்து கெபியின் ஏழில் ஒரு பங்கு அளவில் 1896-ல் கட்டியது. டிசம்பர், பரீட்சை வாரம், இரவு பதினொரு மணி, மைனஸ் பன்னிரண்டு. பாறைக்குள் வரிசை வரிசையாக எரிகிற மெழுகுதிரி வெளிச்சம் மட்டும்தான். கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200-க்கு ஏற்றி வைத்து, மண்டியிடும் கம்பிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பைஜாமாவுக்கு மேல் கோட்டும் பனி பூட்ஸும் போட்ட ஒரு பையன் ஓரத்துத் திரி ஒன்றை ஏற்றப் பார்க்கிறான், காற்று அணைக்கிறது. மூன்று தடவை. நான்காவது தடவை திரும்பி என்னைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று கேமராவை இறக்கினேன். “கொஞ்சம் காற்றுக்கு மறைப்பாக நிற்க முடியுமா?” என்றான். தோளில் கேமரா தொங்க, இரண்டு கையையும் குவித்து நின்றேன். பற்றிக்கொண்டது. அவன் மண்டியிட்டுவிட்டான். என்ன பாடம் என்றாவது கேட்டிருக்கலாம். இடது கையுறையில் சொட்டிய மெழுகு இன்னும் அப்படியே இருக்கிறது. படம் இல்லை.

சிகாகோ வாசி:

அண்ணே, நீங்கள் அமைதிக்குப் போனவர், நான் சத்தத்துக்குப் போனவன். சிகாகோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போல ஆகும், கால்பந்து சீசனில் வந்துவிடுவேன். (அமெரிக்கக் கால்பந்து. நம்ம ஊர் ஆட்டம் என்று நினைத்து ஒரு நண்பன் ஏமாந்தான்.) சொந்த மைதானத்தில் ஆட்டம் என்றால் முந்தின நாள் நள்ளிரவு அந்தக் குவிமாடத்துக்கு முன்னால் டிரம் அடிப்பவர்கள் வட்டம் கட்டி வெளுத்து வாங்குவார்கள். ஷட்டரைப் பதினைந்தில் ஒரு நொடிக்கு இறக்கினால் குச்சிகள் புகையாகவும் முகங்கள் தெளிவாகவும் வரும், பத்தில் ஒன்று தேறும். ஆட்டத்தன்று டிரம்பெட் வாசிப்பவர்கள் குவிமாடத்தின் உள்ளேயே நின்று ஊதுவார்கள். கூட்டத்தில் நகர முடியாமல் கேமராவைத் தரையில் மல்லாக்க வைத்து எடுத்தேன். வந்ததில் பாதி யாரோ ஒருவருடைய தாடை.

ஹெஸ்பர்க் நூலகச் சுவரில் 134 அடி உயர ஓவியம் ஒன்று உண்டு, 1964-ல் முடிந்தது. இயேசு இரண்டு கையையும் உயர்த்தி நிற்பார். அரங்கத்திலிருந்து பார்த்தால், டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) விழுந்ததும் நடுவர் கை தூக்குவதைப் போலவே இருக்கும். அதனால் ‘டச்டவுன் ஜீசஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் இப்படிப் பட்டப்பெயர் வைத்தால் பங்குப் பேரவை கூடிவிடும். எனக்கும் முதலில் உறுத்தியது. ஒரு ஆட்டத்தன்று, டிக்கெட்டைக் கையில் பிடித்த ஒரு பெரியவர் அந்தச் சுவரைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டார். அடுத்த நொடி பக்கத்திலிருந்தவரிடம் எதிரணியைத் திட்ட ஆரம்பித்தார். இரண்டும் அடுத்தடுத்த பிரேமில் என்னிடம் இருக்கின்றன, தனித்தனியாகப் பிரிக்க மனம் வரவில்லை.

மழைக்கால லென்ஸ்:

தம்பி, நான் அங்கே இருந்தது 2015-ல். 1952 முதல் 1987 வரை பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஃபாதர் ஹெஸ்பர்க் அந்த பிப்ரவரி 26 அன்று, 97 வயதில் இறந்தார். அடக்கத்தன்று கடுங்குளிர். வளாகத்துப் பேராலயத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரை சாலையோரம் மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். அவர் பதவி விட்டபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள். சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் 1964 ஜூனில் அவர் மார்ட்டின் லூதர் கிங்கோடு கைகோத்து நிற்கும் படம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு படத்தால்தான் எனக்கு அவரைத் தெரியும். யார் எடுத்தாரோ, அந்தக் கைகளை வெட்டாமல் எடுத்த புண்ணியவான்.

நான் அன்று எடுத்த முப்பது படத்தில் ஒன்றும் பிடிக்கவில்லை. எல்லாவற்றிலும் செய்திப் பத்திரிகை வாடை. கோடையில் கல்லறையை மட்டும் எடுக்கலாம் என்று போனேன். பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய திருச்சிலுவைச் சபைக் குருக்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சின்னச் சிலுவை, வரிசை வரிசையாக. பெரிதாக ஏதாவது இருக்கும் என்று தேடி, கிடைக்காமல், கடைசியில் ஒவ்வொரு பெயராகக் குனிந்து படித்துத்தான் அவரைக் கண்டுபிடித்தேன். அந்த வரிசைப் படம் வீட்டில் மாட்டியிருக்கிறது. அவர் சிலுவை எது என்று வந்தவர்கள் கேட்பார்கள், நான் சொல்வதில்லை.

திருச்சி ஸ்டூடியோ:

பெயர் வேண்டாம், நம்ம பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு ஜூபிலி ஆல்பம் செய்து கொடுத்தேன். சால்வை போர்த்துகிற படம் மட்டும் 62 கேட்டார்கள். பிள்ளைகள் கோவிலில் உட்கார்ந்து பிட்டுப் பேப்பர் மடிக்கிற அருமையான படம் ஒன்றை ஆல்பத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள். பணம் பாதி இன்னும் வரவில்லை. நடத்துங்கள்.

மணிலா முகில்:

நானும் சேர்ந்துகொள்ளலாமா? என் இடம் வேறு: மணிலாவில் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம். தொமினிக்கன் சபையினர் 1611-ல் தொடங்கியது. (நம் சாந்தோம் தோமையார் இல்லை, இவர் அக்குவினாஸ் தோமா. முதல் நாள் நான் குழம்பினேன்.) அங்கே படிக்குப் பதில் ஒரு பழைய கல் வளைவு. முதல் வருஷப் பிள்ளைகள் அதன் வழியாக உள்ளே ஓடி வருவார்கள். அதற்கப்புறம் படிப்பு முடியும் வரை அந்த வழியாக வெளியே போகக் கூடாது, போனால் பட்டம் அவ்வளவுதான். முடித்தவர்கள் அதே வளைவு வழியாக வெளியே நடப்பார்கள். அதனால் இரண்டு நாளும் எதிரெதிர்ப் பக்கம் நிற்க வேண்டும். நான் போன அன்று மழை. உள்ளே வருகிறவர்கள் குடையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தினார்கள், என் லென்ஸ் முழுக்கத் தண்ணீர். துடைக்காமலே எடுத்தவைதான் நன்றாக வந்தன.

புதுக் கேமராக்காரன்:

பாளையங்கோட்டை அண்ணா, பனியிலிருந்து நேரே பேராலயத்துக்குள் போனால் லென்ஸ் வேர்க்காதா? பூசை நேரத்தில் எடுக்க விடுவார்களா?

பாளையங்கோட்டை ஐம்பது எம்எம்:

வேர்க்கும் தம்பி. வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே போய் அரை மணி நேரம் திறக்காதே. பேட்டரியைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வை, இல்லாவிட்டால் என்னைப் போல நல்ல நேரத்தில் அணைந்து நிற்கும். பூசைக்கு, பேராலயத்தைவிட விடுதிக் கோவில்கள் மேல். ஒவ்வொரு விடுதியிலும் ஒன்று இருக்கிறது, ஞாயிறு இரவு ஈரத் தலையோடும் செருப்போடும் வந்து உட்காருவார்கள். முதலிலேயே ஃபாதரிடம் சொல்லிவிடு. எழுந்தேற்றத்தின் போதும் (ஃபாதர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும் நேரம்) நன்மை (அந்த அப்பம்) வாங்கும் போதும் கேமராவை மடியில் வைத்துவிடு. நான் அப்படித்தான் செய்தேன்.

கடைசியாக ஒன்று. பட்டமளிப்புக்கு அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். ஐந்து வருஷம் காத்த படி, மூன்று பேரும் சேர்ந்து ஏறலாம் என்று நின்றோம். அம்மா அண்ணாந்து மேலே மாதாவைப் பார்த்தாள், படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டாள். கறுப்பு அங்கிகளும் உயர்ந்த குதிகால்களும் ஏறி இறங்குகிற இடத்தில் ஒரு ஜோடி பாட்டா செருப்பு. நான் அங்கியோடு குனிந்து முதலில் அதைத்தான் எடுத்தேன். பாதிப் படி ஏறிவிட்ட அப்பா திரும்பிப் பார்த்து, “ஏல, அதை எவனும் தூக்கிட்டுப் போயிர மாட்டானே?” என்றார்.