மதியமானால் நின்றுவிடும் மைனிங் மெஷின், யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரையில் மொட்டை மாடி அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிட்காயின் மைனிங் மெஷின் (பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தை ஈட்ட இடைவிடாமல் கணக்குப் போடும் கம்ப்யூட்டர்) ஒன்றை ஓட்டுகிறேன். 3250 வாட் இழுக்கும். மார்கழி, தையில் ஒரு தொந்தரவும் இல்லை. சித்திரை பிறந்ததிலிருந்து மதியம் 1 மணி ஆனால் தானாக நின்றுவிடுகிறது.

அறைக்குள் 46 டிகிரி. உள்ளே இருக்கும் மூன்று ஹேஷ் போர்டில் (கணக்குப் போடும் சிப்புகள் உள்ள பலகை) நடுவில் உள்ளது மட்டும் மற்றவற்றைவிட 8 டிகிரி கூடுதல். புளோயர் பிடித்துத் தூசி தட்டிவிட்டேன். நான்கு ஃபேனும் முழு வேகத்தில்தான் சுற்றுகின்றன. (அந்தச் சத்தத்தால் கீழ்வீட்டு அத்தை என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார், அது தனிக் கதை.)

ஏசி போடலாமா என்று கணக்குப் பார்த்தேன். 3250 வாட் என்றால் மணிக்குச் சுமார் 11,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) சூடு. ஒரு டன் ஏசியின் மொத்தத் திறனே 12,000தான். கூரைச் சூடு வேறு. கட்டுப்படியாகாது. அதனால் பின்பக்கம் டக்ட் (காற்றுக் குழாய்) மாட்டி, சூடான காற்றை ஜன்னல் வழியே வெளியே தள்ள நினைக்கிறேன்.

8 அங்குல டக்ட் போதுமா? வழியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டுமா, மெஷினின் ஃபேனே தள்ளிவிடுமா? கடைக்காரர் ஏர் கூலர் வைக்கச் சொல்கிறார். ஈரக்காற்றில் போர்டு அரித்துப்போகுமே என்று பயம். அப்புறம், சிப்புகளின் ஃப்ரீக்வென்சியை, அதாவது ஓடும் வேகத்தைக் குறைத்து 2500 வாட்டில் ஓட்டியவர்கள் இருந்தால், எத்தனை டிகிரி இறங்கியது என்று சொல்லுங்கள். நடு போர்டின் ஹீட் சிங்கை (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) கழற்றி, சிப்புக்கும் அதற்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றலாமா? அதில் கைவைக்கத்தான் தைரியம் வரவில்லை.