கலைச்சொல் வேண்டும்: பயமுறுத்த வந்து சிரிக்கவைக்கும் படம்

அன்புள்ள குழுவினருக்கு,

தொலைக்காட்சிக்கென்றே குறைந்த செலவில் எடுக்கப்படும் அறிவியல் புனைவு, திகில் படங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும். 2013இல் சிஃபி அலைவரிசையில் வந்த 'ஷார்க்நேடோ'வில் சூறாவளி கடலிலிருந்து சுறாக்களை வாரி ஊருக்குள் கொட்டுகிறது. மேலிருந்து விழும் சுறாவின் வாய்க்குள் நாயகன் சங்கிலி ரம்பத்தோடு பாய்ந்து, அதன் உடலை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறான். பயப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது. ஆனாலும் எழுந்துபோக மனம் வரவில்லை. இந்த வகைக்கு என்ன பெயர்? 'மட்டமான படம்' என்று எழுதிப் பார்த்தேன். கட்டுரையாசிரியருக்கு இந்தப் படங்கள்மேல் இருக்கும் ஆசை காணாமல் போய்விடுகிறது.

* * *

ஐயா,

தொல்காப்பியர் இருக்கக் கவலை எதற்கு? 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' உங்கள் சுறா விலங்கில் அடங்கும், பேய்ப்படம் அணங்கில். நகைக்கும் நான்கு நிலைக்களன் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எடுத்தவர் பக்கம் மடன், பார்ப்பவர் பக்கம் எள்ளல். ஆகவே 'நகையச்சம்'. நகையும் அச்சமும் என விரியும் உம்மைத்தொகை.

* * *

> ஆகவே 'நகையச்சம்'.

வீட்டில் படித்துக் காட்டினேன். "பீரோ சாவி தொலைந்தால் வருமே, அந்தப் பயமா?" என்று கேட்டார்கள். இலக்கணம் சரியாக இருந்து என்ன பயன்? 'சிரிப்புத் திகில்' என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள்.

* * *

சிரிப்புத் திகில் என்றால், சிரிக்கவைக்கவே எடுத்த பேய்ப்படம் என்றல்லவா ஆகும்? இங்கே பாத்திரங்கள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள். காட்டிக்கொடுப்பது ரப்பர் வாலும் கணினிச் சுறாவும்தான். அந்தக் கடுமை இல்லாவிட்டால் நமக்கும் சிரிப்பு வராது.

பயமும் சிரிப்பும் கலந்த சுவை நமக்குப் பழையது. கலிங்கத்துப் பரணியில் பேய்கள் கூழ் சமைக்கும் முன் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. 'பரணிப்படம்' என்றால் என்ன குறை?

* * *

போரில் ஆயிரம் யானையை வென்றவனுக்கே பரணி என்கிறது செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல். இந்தப் படங்களின் செலவுக்கு ஒரு யானையே அதிகம்.

இன்னொன்று: எல்லோரும் சிரிப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 1971இல் அமெரிக்காவின் ஏபிசியில் வந்த, ஸ்பீல்பெர்க் இயக்கிய 'டூயல்' தொலைக்காட்சிப் படம்தான். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் எடுத்தது. ஒரு பழைய லாரி ஒரு காரை விடாமல் துரத்துகிறது. ஓட்டுநரின் கையும் காலணியும் தெரிகின்றன, முகம் கடைசிவரை தெரிவதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் லாரி வந்தால் இன்றும் கண்ணாடியைப் பார்க்கிறேன். காசில்லாதவர் பூதத்தை முழுதாகக் காட்ட முடியாது. மிச்சத்தை நாம் வரைந்துகொள்கிறோம். பெயரெச்சம், வினையெச்சம் போல இதை 'எச்சத் திகில்' எனலாம்.

* * *

காக்கை எச்சமும் அதே எச்சம்தான். வாசகர் மேலே நிமிர்ந்து பார்ப்பார்.

* * *

நண்பர்களே, கட்டுரை போய்விட்டது. சுறாவுக்குச் 'சிரிப்புத் திகில்'. மூன்று பேர் தனி மடலிலும் அதையே சொன்னார்கள். கடுமை பற்றிய ஆட்சேபம் நியாயமானது, ஆனால் அதைச் சொல்லும் சொல்லை யாரும் தரவில்லை. 'டூயல்' வரும் பத்தியில் வெறும் 'தொலைக்காட்சிப் படம்' என்று விட்டுவிட்டேன்.

* * *

நகையச்சத்தை அடிக்குறிப்பிலாவது சேர்த்திருக்கலாம். மேலும், அதை நகையொடு கூடிய அச்சம் என மூன்றாம் வேற்றுமைத்தொகையாகவும் கொள்ளலாம் என்று நேற்றிரவு தோன்றியது. விரிவாகத் தனி இழையில் எழுதுகிறேன்.