ஒயின் வாரியத்துக்கு டன் கணக்கில் கட்டணம்: ஓட்டுப் போடலாமா வேண்டாமா?

கொடிப்பந்தல்:
கலிஃபோர்னியாவில் ஒயின் திராட்சை பயிர் செய்யும் நம்மவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) புதிதாக ஒரு ஒயின் திராட்சை வாரியம் அமைக்கப் பேச்சு நடக்கிறது. ஊர்ப் பெயரைப் பரப்ப, ஆராய்ச்சிக்கு, பயிற்சிக்கு என்கிறார்கள், ஆனால் பணம் முழுக்க விவசாயியிடமிருந்துதான், டன்னுக்கு இவ்வளவு என்று பழம் வாங்கும் ஒயினரியே (ஒயின் தயாரிக்கும் ஆலை) பிடித்து அனுப்பிவிடும். எனக்குச் சொந்த லேபிள் கிடையாது. என் பழம் பெரிய ஒயினரிக்குப் போய் வேறு ஊர்ப் பழத்தோடு கலந்துவிடுகிறது, பாட்டிலில் எங்கள் ஊர்ப் பெயர் வருவதே இல்லை. 2024-ல் விலை போகாமல் எத்தனை தோட்டங்களில் பழத்தைச் செடியிலேயே விட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த நேரத்தில் இன்னொரு பிடித்தத்துக்கு ஆம் என்று சொல்ல மனசு வரவில்லை.

வடசரிவு:
டன் கணக்கா, விற்ற தொகையில் சதவீதமா என்பதை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். டன்னுக்கு 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டன் 600 டாலருக்கு விற்பவருக்கு அது 2 சதவீதம், 6,000 டாலருக்கு விற்பவருக்கு 0.2 சதவீதம். மலிவு விலைப் பழம் போடுகிறவர்தான் பத்து மடங்கு பாரம் சுமக்கிறார், கூட்டங்களில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கலிஃபோர்னியாவின் சொனோமா கவுண்டியில் 2006-ல் அமைந்த வாரியம் பழத்தின் மதிப்பை வைத்துத்தான் வசூலிக்கிறது, அதுதான் நியாயம். ஒரிகனில் டன்னுக்கு 25 டாலர், அதைக் கட்டுவது ஒயினரி, அதில் பாதி வரைதான் விவசாயி பணத்தில் கழித்துக்கொள்ள முடியும். வாஷிங்டனில் 1987-லிருந்து ஒயின் வாரியம் இருக்கிறது, அங்கே திராட்சைக்கும் கட்டணம், ஒயினுக்கும் கட்டணம், வாரியத்திலும் இரு தரப்பாரும் உட்காருகிறார்கள். ஊர்ப் பெயரால் லாபம் பார்க்கும் ஒயினரி ஒன்றுமே தராமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மண்வாசம்:
வடசரிவு சொல்வது சரி, ஆனால் லேபிள் இல்லாதவனுக்குப் பயனே இல்லை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். கலிஃபோர்னியாவிலேயே இருக்கும் லோடை என்ற ஊரைப் பாருங்கள். ரொம்ப காலம் அங்கே விளைந்த பழம் பெரிய கம்பெனிகளின் கலப்புக்குத்தான் போனது. 1991-ல் விவசாயிகளே ஓட்டுப் போட்டு வாரியம் அமைத்தார்கள், முதலில் விளம்பரத்தோடு கூடவே பூச்சி மேலாண்மைக்கும் மண்ணுக்கும் செலவு செய்தார்கள், அதிலிருந்து வளர்ந்ததுதான் 2005-ல் வந்த லோடை ரூல்ஸ் என்ற, நிலமும் சூழலும் கெடாமல் பயிர் செய்வதற்கான சான்றிதழ். இன்று லோடை என்று பெயர் போட்டு விற்கும் பாட்டில்கள் எவ்வளவு! லோடை போல அரசு எல்லை வகுத்த திராட்சைப் பகுதியின் பெயரை லேபிளில் போட வேண்டுமென்றால் 85 சதவீதம் அந்த எல்லைக்குள் விளைந்த பழமாக இருக்க வேண்டும், ஆகவே பெயருக்குத் தேவை கூடினால் அந்த ஊர்ப் பழத்துக்கும் தேவை கூடும். அதற்குப் பல வருஷம் ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த அறுவடையில் விலை ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொடிப்பந்தல்:
வாரியம் வந்துவிட்டால், எனக்கு வேண்டாம் என்று ஒருவர் ஒதுங்க முடியாதா? நாப்பாவில் ஒயினரிகளின் சங்கம் விருப்பப்பட்டவர்கள் சேர்வதுதானே?

தராசு:
முடியாது. அது சங்கம், இது சட்டப்படி அமைவது, எல்லையில் உள்ள அனைவருக்கும் பொருந்தும். விருப்பச் சந்தா என்றால் கட்டாதவரும் பலனை அனுபவிப்பார் என்பதால்தான் இந்த ஏற்பாடே. நீதிமன்றத்துக்குப் போனவர்களும் உண்டு. மாட்டிறைச்சி விளம்பரத்துக்கான கட்டாயக் கட்டணத்தை 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த விளம்பரம் அரசின் பேச்சு, கட்டணம் கட்டுகிறவரின் பேச்சு அல்ல என்று சொல்லி அனுமதித்தது. கலிஃபோர்னியா சாப்பாட்டுத் திராட்சை வாரியத்தை எதிர்த்த வழக்கில் 2018-ல் மாநில உச்ச நீதிமன்றமும் விவசாயிகளுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் பலம் ஓட்டில்தான் இருக்கிறது. இங்கே வழக்கமான விதி, குறைந்தது 40 சதவீதம் பேர் ஓட்டளிக்க வேண்டும், அதோடு ஆளின் எண்ணிக்கையும் விளைச்சலின் அளவும் இரண்டும் சேர்த்துக் கணக்காகும். பெரிய தோட்டங்கள் மட்டும் நினைத்தால் போதாது, சின்னவர்கள் ஓட்டுச் சீட்டை மேசையிலேயே போட்டுவைத்தால் அதுவும் முடிவைப் பாதிக்கும்.

வடசரிவு:
இன்னொன்று. திராட்சைக் கொடியைக் கொல்லும் பியர்ஸ் நோய்க்காக நாம் எல்லோரும் ஏற்கெனவே கட்டுகிறோமே, 2001-ல் வந்த கட்டணம், பழத்தின் மதிப்பில் 1,000 டாலருக்கு அதிகபட்சம் 3 டாலர். தெற்குக் கலிஃபோர்னியாவில் டெமெக்குலாவில் இந்த நோயால் கொடிகள் கருகியதைப் பார்த்து ஏற்றுக்கொண்டது அது. அந்த மாதிரிப் பணமும் சேர்ந்துதான் டேவிஸ் பல்கலைக்கழகம் 2019-ல் நோய் தாங்கும் ஐந்து ரகங்களை வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்தது, உச்சவரம்பு சட்டத்திலேயே இருக்கிறது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விவசாயிகளிடம் மறுபடியும் கேட்கிறார்கள். உங்கள் கவுண்டி வரைவில் இந்த இரண்டும் இருக்கிறதா?

கொடிப்பந்தல்:
மறு ஓட்டு இருக்கிறது, உச்சவரம்பு கண்ணில் படவில்லை. ஒயினரியின் பங்கு பற்றியும் ஒரு வரி கூட இல்லை. அடுத்த கூட்டத்தில் சதவீதம், உச்சவரம்பு, ஒயினரி பங்கு மூன்றையும் எழுத்தில் கேட்கப் போகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர்களையும் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். கொடுத்தால் ஆம், இல்லாவிட்டால் என் ஓட்டு எதிராகத்தான்.

மண்வாசம்:
ஆராய்ச்சிக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு என்ற பிரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். லேபிள் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு முதல் வருஷங்களில் கைக்கு வருவது ஆராய்ச்சியும் பயிற்சியும்தான்.