ஃபயர்வாட்ச் ஊர் முழுக்க மஞ்சள் ஆச்சரியக்குறி: மாரோவிண்ட்லயே இருக்கவா, ஸ்கைரிமுக்குப் போகவா?

வாடிப்பட்டி_வாசி:
எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம் வரிசையில ஏதாவது ஒண்ண எடுத்து, ஒழுங்கா மாட் (ரசிகர்கள் செஞ்ச கூடுதல் சாமான்) போட்டு முழுசா விளையாடணும். மாரோவிண்ட் கேம் ஆஃப் த இயர் பதிப்பு கையில இருக்கு. அதை ஓபன்எம்டபிள்யூ 0.49ங்கிற மாற்று என்ஜின்ல ஓட்டுறேன்.

அதுல புது நிலப்பகுதி சேர்க்கிற தாம்ரியல் ரீபில்ட் மாட் போட்டிருக்கேன். லாஞ்சர்ல தாம்ரியல்_டேட்டா.ஈஎஸ்எம், டிஆர்_மெயின்லேண்ட்.ஈஎஸ்எம் ரெண்டுக்கும் டிக் விழுந்திருக்கு. கேம் எரர் காட்டாம திறக்குது. மூல கேமோட வார்டன்ஃபெல் தீவுக்குள்ள எந்தக் குறையும் இல்ல. இந்த மாட் சேர்க்கிற ஃபயர்வாட்ச் ஊர்ப்பக்கம் போனாத்தான் வீடு இருக்கவேண்டிய இடத்துல எல்லாம் மஞ்சள் ஆச்சரியக்குறி நிக்குது. தரையிலயும் அங்கங்க அடர் ரோஸ் கலர் திட்டு.

லேப்டாப்: ஐ3 ஏழாம் தலைமுறை, இன்டெல் எச்டி 620, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், எஸ்எஸ்டி. நெட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. அதனால தாம்ரியல் டேட்டாவை நண்பன்கிட்ட பென்டிரைவ்ல வாங்கினேன், மெயின்லேண்ட் ஃபைலை மட்டும் நான் இறக்கினேன். எல்லாம் டி டிரைவ்ல 'விளையாட்டு'ன்னு தமிழ்ல பேர் வச்ச ஃபோல்டர்ல இருக்கு. எம்ஜிஇ எக்ஸ்இங்கிற கிராஃபிக்ஸ் கருவி போட்டும் தூரத்துக் காட்சி மாறல.

இதோட மல்லுக்கட்டுறதுக்கு ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கே போயிரலாமாண்ணே?

வைகைக்கரை:
தம்பி, முதல்ல லாக்கைப் பாருங்க. டாக்குமெண்ட்ஸ், மை கேம்ஸ், ஓபன்எம்டபிள்யூ ஃபோல்டருக்குள்ள ஓபன்எம்டபிள்யூ.லாக்னு ஒண்ணு இருக்கும். கேமைத் திறந்து ஃபயர்வாட்ச்சுக்குப் போய், குறி தெரிஞ்சதும் மூடிட்டு அதை நோட்பேட்ல திறங்க. 'மார்க்கர்_எரர்'னு தேடுங்க. கூடவே 'செல் ரெஃபரன்ஸ்'னும் ஒரு தடவை தேடுங்க. ரெண்டும் வேற வேற நோய், மருந்தும் வேற.

மஞ்சள் குறின்னா பொருள் இன்னதுன்னு கேமுக்குத் தெரியும், அதோட உருவம் இருக்கிற மெஷ் ஃபைல்தான் கிடைக்கலன்னு அர்த்தம். செல் ரெஃபரன்ஸ் கிடைக்கலன்னு வந்தா அந்தப் பொருளே யாருன்னு கேமுக்குத் தெரியல. அங்க குறி எதுவும் வராது, வெறும் இடமாக் கிடக்கும்.

உங்களுக்கு முதல் வகைன்னுதான் தோணுது. லாஞ்சர்ல டேட்டா ஃபைல்ஸ் பக்கத்துல இந்தத் தாவல்கள் இருக்கும்: கண்டென்ட் ஃபைல்ஸ், ஆர்கைவ் ஃபைல்ஸ், டேட்டா டைரக்டரீஸ். கண்டென்ட் ஃபைல்ஸ் தாவல்ல டிக் பண்ணிட்டு எல்லாரும் கிளம்பிடுறாங்க. தாம்ரியல் டேட்டாவோட மெஷ், டெக்ஸ்சர் (உருவத்து மேல ஒட்டுற படம்) எல்லாம் பிஎஸ்ஏ மூட்டைக்குள்ள கட்டி வருது. அந்த மூட்டையை ஆர்கைவ் ஃபைல்ஸ் தாவல்ல நீங்களா டிக் பண்ணாத்தான் கேம் அவுக்கும். டிஆர்_டேட்டா, பிசி_டேட்டா, ஸ்கை_டேட்டா, மூணுக்கும் டிக் வைங்க. மெயின்லேண்ட் மட்டும் விளையாடுறவங்களுக்கும் மூணுமே வேணும், பொருளெல்லாம் பொதுவுல பகிர்ந்து வச்சிருக்காங்க.

இதுக்காகப் பழைய சேவ் ஃபைலைத் தூக்கிப் போட வேண்டாம். ஆர்கைவ் சேர்க்கிறதால சேவுக்கு ஒண்ணும் ஆகாது.

வாடிப்பட்டி_வாசி:
அண்ணே, மூணையும் டிக் பண்ணினதும் மஞ்சள் குறி முக்கால்வாசி போயிருச்சு, தரையும் சரியாயிருச்சு. ஆனா சில இடத்துல விளக்கு அந்தரத்துல தொங்குது, அது மாட்டியிருக்க வேண்டிய சுவரைக் காணோம். ஒரு தெருவுல கதவு மட்டும் தனியா நிக்குது. லாக்ல செல் ரெஃபரன்ஸ் கிடைக்கலன்னு நாப்பது வரிக்கு மேல வருது. மார்க்கர்_எரர் இன்னும் நாலஞ்சு இருக்கு.

வைகைக்கரை:
அப்ப பென்டிரைவ்ல வந்தது பழைய தாம்ரியல் டேட்டா. மெயின்லேண்ட் ஃபைல் புதுசு. புது மெயின்லேண்ட் 'இந்த இடத்துல இந்தச் சுவரை வை'ன்னு சொல்லுது, பழைய டேட்டாவுல அந்தச் சுவரே பிறக்கல. விளக்கு பழைய சாமான், அதனால அது மட்டும் வந்து தொங்குது. ரெண்டும் ஒரே வெளியீட்டுக்கு உரியதா இருந்தே ஆகணும். மெயின்லேண்டோட பக்கத்துல எந்தப் பதிப்பு டேட்டா வேணும்னு போட்டிருப்பாங்க, அதைப் பாத்து இறக்குங்க.

டேட்டா ரெண்டு விதமா இருக்கு, சாதா டெக்ஸ்சரோட வெனிலா ஒண்ணு, பெரிய டெக்ஸ்சரோட எச்டி ஒண்ணு. உங்க இன்டெல் எச்டி 620 சிப்புக்கு வெனிலா போதும். அந்தச் சிப்புக்குத் தனி கிராஃபிக்ஸ் மெமரி கிடையாது, உங்க 8 ஜிபியிலதான் பங்கு கேக்கும். பெரிய டெக்ஸ்சரைத் திணிச்சா நடக்கும்போது திக்கித் திக்கி நிக்கும்.

இறக்கின ஜிப்பை 7-ஜிப்ல ரைட் கிளிக் பண்ணி டெஸ்ட் ஆர்கைவ் கொடுங்க. நடுராத்திரி டேட்டா கோட்டா தீந்து வேகம் செத்து, பாதியில அறுந்த ஃபைல் பாக்குறதுக்கு முழுசு மாதிரியே இருக்கும். டெஸ்ட்ல சிஆர்சி எரர் வந்தா திரும்ப இறக்கித்தான் ஆகணும்.

பழைய ஃபோல்டர் மேலயே புதுசை ஊத்தாதீங்க. பழசை அழிச்சிட்டு, அதே பேர்ல புது ஃபோல்டர் வச்சு அதுல விரிங்க. மேல மேல ஊத்தினா பழைய ஃபைல் ஏதாவது தங்கிரலாம், நாளைக்கு அதே மஞ்சள் குறி திரும்ப வரலாம், காரணம் மட்டும் புலப்படாது.

நாகமலை:
ஸ்கைரிம் கேள்விக்கு நான் சொல்றேன். இந்த லேப்டாப்ல வேண்டாம். ஸ்பெஷல் எடிஷன் 2016ல வந்தது, குறைந்தபட்சமே ஜிடிஎக்ஸ் 470, 8 ஜிபி ரேம், 12 ஜிபி இடம்னு போட்டிருக்காங்க. எச்டி 620 அந்தக் கோட்டுக்குக் கீழ. அமைப்பையெல்லாம் தரை மட்டத்துக்கு இறக்கி ஓட்டலாம், ஆனா மாட் போடுறதுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. ஒரு நாளைக்கு 1.5 ஜிபியில கேமை இறக்கவே ஒரு வாரத்துக்கு மேல ஆகும்.

இன்னொரு தொல்லை எஸ்கேஎஸ்இ, ஸ்கைரிம் மாட் பலதும் நம்பியிருக்கிற ஸ்கிரிப்ட் கருவி. அது கேமோட எக்ஸ்இ ஃபைலோட பதிப்பு எண்ணுக்கு அச்சாப் பொருந்தணும். கேம் தானா அப்டேட் ஆனா அன்னைக்கே எஸ்கேஎஸ்இ நிக்கும், அதை நம்பியிருக்கிற டிஎல்எல் மாட்களும் நிக்கும். நல்ல மெஷின் வாங்கினப்புறம் அங்க போங்க. போனதும் முதல் வேலையா அப்டேட்டை 'நான் திறக்கும்போது மட்டும்'னு மாத்துங்க, அதுக்கப்புறம் கேமை எப்பவும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாவே திறங்க.

நடுவுல 2006ல வந்த ஆப்ளிவியன் இருக்கு. எடை குறைவு, ஆனா 32-பிட் எக்ஸ்இ. 4 ஜிபி பேட்ச் போடாம மாட் குவிச்சா 2 ஜிபி மெமரியைத் தொட்டதும் விழுந்துரும். நீங்க லெவல் ஏற ஏற எதிரியும் கூடவே ஏறுவான், வழிப்பறிக்காரன்கூட கண்ணாடிக் கவசத்துல வந்து நிப்பான். அதைச் சரிபண்ணப் பெரிய மாட் ஒண்ணு போட்டே ஆகணும். 2025 ஏப்ரல்ல வந்த ரீமாஸ்டர் அன்ரியல் என்ஜின் 5ல ஓடுது, அதை இந்த லேப்டாப்ல யோசிக்கவே வேண்டாம்.

2002ல வந்த மாரோவிண்ட்தான் உங்களுக்குச் சரி. குறைஞ்ச மெஷின்ல ஓடுதுங்கிறதுக்காக மட்டும் சொல்லல. அங்க போகவேண்டிய இடத்தைக் காட்டுற அம்புக்குறி வரைபடத்துல கிடையாது. 'பாலத்தைத் தாண்டி வடக்கால போ, பாதை பிரியும் இடத்துல கிழக்கால திரும்பு'ன்னு ஆள் சொல்றதை ஜர்னல்ல படிச்சுப் போகணும். நாகமலையைக் கைகாட்டி வழி சொல்ற ஊர்ல வளந்தவங்களுக்கு அது பழகிய பாஷை.

செல்லூரான்:
எம்ஜிஇ எக்ஸ்இ பத்தி யாரும் சொல்லல. அது மாரோவிண்ட்.எக்ஸ்இ மேல ஒட்டுற சாமான். எம்டபிள்யூஎஸ்இங்கிற ஸ்கிரிப்ட் கருவியும் அப்படித்தான். ஓபன்எம்டபிள்யூ அந்த எக்ஸ்இயைத் தொடுறதே இல்ல, அது தனி என்ஜின். அதனால ரெண்டையும் எடுத்துருங்க. மாட் பக்கத்துல எம்டபிள்யூஎஸ்இ வேணும்னு எழுதியிருந்தா அது உங்களுக்கு ஓடாது, தாண்டிப் போயிருங்க.

தூரக் காட்சி ஓபன்எம்டபிள்யூக்குள்ளயே இருக்கு. லாஞ்சர், செட்டிங்ஸ், விஷுவல்ஸ், டெரெய்ன்ல டிஸ்டன்ட் லேண்டை ஆன் பண்ணுங்க. பார்வைத் தூரம் மொதல்ல 7168 யூனிட்ல இருக்கும், ஒரு செல்லோட (நிலத்தைப் பிரிச்சிருக்கிற சதுரம்) நீளம் 8192. அதாவது ஒரு செல்லைக்கூட முழுசாப் பாக்கல. ரெண்டு செல்னு வைங்க, உங்க சிப்புக்கு அது தாங்கும். மூணு வச்சு ஃபயர்வாட்ச் மாதிரி ஊருக்குள்ள நடந்து பாருங்க, திணறினா ரெண்டுக்கே வந்துருங்க. நிழலை அணைச்சே வைங்க. தண்ணிப் பிரதிபலிப்பைக் குறைங்க, கடற்கரை ஊர்ல அதுதான் அதிகம் தின்னும்.

லாஞ்சர்லயே ஃப்ரேம் ரேட் லிமிட்டை 30ல வைங்க. கத்திரி வெயில்ல அறையே அனலா இருக்கும்போது சிப் சூடேறி வேகத்தைத் தானா குறைச்சுக்கும், 60க்கும் 20க்கும் நடுவுல ஊஞ்சலாடும். 30ல பூட்டினா சீரா ஓடும். இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போட இடம் இருந்தா போடுங்க. ரெண்டு ஸ்டிக் சேர்ந்தா டூயல் சேனல் கிடைக்கும், உள்ளமைஞ்ச கிராஃபிக்ஸுக்கு அதை விடப் பெரிய உதவி இல்ல.

'விளையாட்டு' ஃபோல்டரையும் ஆங்கில எழுத்துக்கு மாத்துங்க. விண்டோஸ்ல தமிழுக்கு யூனிகோட் மட்டும்தான், பழைய ஏஎன்எஸ்ஐ கோட்பேஜ் கிடையாது. 2002 காலத்துக் கருவிகள் அந்தப் பேரை வெறும் கேள்விக்குறியாப் படிக்கும், பாதை இல்லன்னு சொல்லும். பேர் மாத்தினதும் லாஞ்சர்ல டைரக்டரி எல்லாத்தையும் புதுசாச் சேர்க்கணும்.

வாடிப்பட்டி_வாசி:
புது டேட்டா இறக்கி முடிச்சேன், சுவர் வந்திருச்சு, லாக் சுத்தம். நன்றிண்ணே. மூணு கேள்வி மிச்சம். டெக்ஸ்சர் மாட் ஒண்ணு போட்டேன், எந்த மாற்றமும் தெரியல, எரரும் இல்ல. அப்புறம் ஆரம்பத்துல வாளால அடிச்சா பாதிக்கு மேல காத்துலயே போகுது, அதுக்கு மாட் இருக்கா? தமிழ்ல உரையாடலை மாத்தினவங்க யாராச்சும் உண்டா?

வைகைக்கரை:
டெக்ஸ்சர் மாட்ல பாதை ஒரு படி மேல நிக்குது. டைரக்டரியாச் சேர்க்கிற ஃபோல்டரைத் திறந்ததும் உள்ள 'டெக்ஸ்சர்ஸ்', 'மெஷஸ்' நேராக் கண்ணுல படணும். பல மாட்ல ஜிப்பை விரிச்சா மாட் பேர்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள '00 கோர்', அதுக்குள்ளதான் டெக்ஸ்சர்ஸ் இருக்கும். நீங்க '00 கோர்' வரைக்கும் இறங்கிச் சேர்க்கணும். ஈஎஸ்பி பிளகின் ஃபைல் இருக்கிற மாட்ல தப்பு நடந்தா பட்டியல்ல பேர் வராது, உடனே பிடிச்சுரலாம். டெக்ஸ்சர் மாட் சத்தமே இல்லாம தோத்துப் போகும். பட்டியல்ல கீழ இருக்கிற டைரக்டரி மேல இருக்கிறதை மிஞ்சும், அதையும் பாத்துக்கோங்க.

அடிக்கு மாட் வேண்டாம், கணக்கு தெரிஞ்சா போதும். ஆயுதத் திறன், அதோட அஜிலிட்டியில ஐந்தில் ஒரு பங்கு, லக்ல பத்தில் ஒரு பங்கு, மூணையும் கூட்டணும். ஃபட்டீக்ங்கிற தெம்புப் பட்டை நிறைஞ்சிருந்தா அதை 1.25 ஆல பெருக்கும், காலியா இருந்தா 0.75 ஆல. திறன் 30, அஜிலிட்டி 40, லக் 40 வச்சா கூட்டு 42. அடி படுற வாய்ப்பு முழுப் பட்டையில 52.5 சதவீதம், வெறும் பட்டையில 31.5. எதிரி விலகுறதுக்கு இதுலயும் கழியும். ஓடிக்கிட்டே போய் அடிக்கிறவங்க பட்டையைக் காலி பண்ணிட்டுத்தான் அடிக்கிறாங்க. கொஞ்சம் நின்னு நிரப்பிட்டு அடிங்க. ஆரம்பத்துல வர்ற சென்சஸ் ஆஃபீஸ் மேஜையில கிடைக்கிற டாகரை (குத்துவாள்), அதே அஜிலிட்டி, லக்கோட ஷார்ட் பிளேடு திறன் 5 இருக்கிறவன் தூக்கினா முழுப் பட்டையிலயும் 21 தான் வரும். உங்க மேஜர் திறன் லாங் பிளேடுன்னா முதல் ஊரான சேடா நீன் கடையில அதுக்கேத்த வாள் இருக்கான்னு பாருங்க.

நாகமலை:
தமிழ் உரையாடல் இப்போதைக்கு நடக்காது. ஈஎஸ்எம்ல இருக்கிற எழுத்துக்கு ஓபன்எம்டபிள்யூ ஏத்துக்கிறது வின்1250, 1251, 1252ங்கிற எழுத்துக் குறியீடு மூணுதான், தமிழ் எழுத்து அதுல எதுலயும் இல்ல. அதைத் தாண்டினாலும் திரையில எழுத்தைக் கோக்கிற வேலை பாக்கி இருக்கு. 'கெ'ன்னு எழுதினா கொம்பு ககரத்துக்கு முன்னாடி வரணும். கோக்கத் தெரியாத இடத்துல அது பின்னாடி போய் நிக்கும். படிக்கவே முடியாது.

கடைசியா ஒரு விஷயம். ரெண்டு மூணு மாட் ஒரே லெவல்டு லிஸ்ட்டை (லெவலுக்கேத்த பொருள், எதிரிப் பட்டியல்) தொட்டா கடைசியா வர்றது மட்டும்தான் நிக்கும், மத்த மாட்டோட ஆயுதமெல்லாம் கடையிலயும் எதிரி கையிலயும் வராமலே போகும். டெல்டா பிளகின்ங்கிற கருவியில மெர்ஜ் கொடுத்து, வர்ற ஓஎம்டபிள்யூஆட்ஆன் ஃபைலை வரிசையில கடைசியா வைங்க. மாட் சேர்த்தாலோ எடுத்தாலோ அதை அழிச்சிட்டுத் திரும்ப ஓட்டணும். உங்க பதிப்புல டிரிபியூனல் விரிவாக்கம் இருக்கிறதால ஆரம்பத்துலயே தூங்கும்போது டார்க் பிரதர்ஹுட் கொலையாளி வருவான். எக்ஸ்பான்ஷன் டிலே மாட் போட்டா அது கதையில பின்னாடி தள்ளிப்போகும். பேட்ச் ஃபார் ப்யூரிஸ்ட்ஸ்ங்கிற பிழைதிருத்த மாட்டை வரிசையில எக்ஸ்பான்ஷன் டிலேக்கு மேல வைங்க.